தண்ணி மாதிரி ஒரு தண்ணி

மச்சான் செந்திலு,

எட்டு மாசமா ஒரு வரி கூட எழுதல, தப்புதான், திட்டி முடிச்சுட்டு மேல படி. வீட்ல எல்லாரும் சுகம், பொண்ணு என்னை ஜப்பானீஸ்ல திட்டுற அளவுக்கு வளந்துட்டா. குடும்பச் செய்தி அவ்ளோதான்.

விஷயத்துக்கு வரேன். காசு குடுத்து வினிகர் குடிக்கிறவன் லூசுன்னு அண்ணாமலை கல்யாணத்துல பேசினேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். முழுசா இல்ல, ஒரே ஒரு ஒயினுக்கு மட்டும்.

செப்டம்பர் கடைசில ஆபீஸ்ல ஒரு பெரியவர் என்னைக் கூட்டிட்டுப் போனாரு, யமனாஷி பக்கம் கட்சுனுமான்னு ஒரு ஊரு, டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷன்ல ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மலைச்சரிவு பூரா திராட்சைப் பந்தல், நம்ம கம்பம் பக்கம் பாப்பமே அதே மாதிரி, உள்ள குனிஞ்சுதான் போகணும், மழை படக்கூடாதுன்னு கொத்துக்குக் கொத்து பேப்பர்ல குட்டிக் குடை வேற. கோஷுன்னு பேரு அந்தப் பழத்துக்கு, தோலு ரோஸு, ஒயினு வெள்ளை. 1877லயே அந்த ஊர்ப் பசங்க ரெண்டு பேரை ஒயின் பண்ணக் கத்துக்கிட்டு வாங்கடான்னு ஃப்ரான்சுக்கு கப்பல் ஏத்தியிருக்காங்க. டைசென்ஜின்னு ஒரு கோயிலு, அங்க மருந்து புத்தர் கையில திராட்சைக் கொத்து! நான் சிரிச்சுட்டேன், பெரியவர் முறைச்சாரு.

முதல் வாய் சப்புன்னு ஆயிடுச்சு மச்சான். இனிப்பு துளி கிடையாது, ஆல்கஹாலும் 11, 12 சதவீதம்தான், எலுமிச்சம்பழம் நறுக்கின கையைக் கழுவின தண்ணி மாதிரி ஒரு வாசம், கடைசில நாக்கு ஓரத்துல லேசா கசப்பு. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு முழிக்கிறேன், பெரியவர் ஒண்ணும் பேசாம டெம்புரா (மாவுல முக்கிப் பொரிச்ச இறால்) தட்டை என் பக்கம் தள்ளினாரு. சாஸ் வேணாம், உப்பு மட்டும் தொட்டுக்கோன்னாரு. இறாலை ஒரு கடி, ஒயின் ஒரு வாய், அவ்ளோதான்டா, வாயில இருந்த எண்ணெய்ப் பிசுக்கு போன இடம் தெரியல, அடுத்த இறாலுக்கு கை தானா போகுது.

அதுலேர்ந்து பைத்தியம் பிடிச்சுது. நவம்பர்ல வேகவைக்காத சிப்பி மேல சுடாச்சி பிழிஞ்சு (நம்ம நார்த்தங்கா ஜாதி, எலுமிச்சையை விடச் சின்னது) இதோட சாப்பிட்டேன், கவிச்சியே இல்ல. ஒயின்ல இருக்குற இரும்புச்சத்துதான் மீனோட சேந்து அந்த வாடையைக் கிளப்புதுன்னு 2009ல இங்க உள்ளவங்களே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, கோஷுல இரும்பு கம்மியாம். வெள்ளை மீன் சஷிமி (பச்சையாவே நறுக்கித் தர்ற மீன்), உப்பு போட்டு சுட்ட கோழி, எல்லாத்துக்கும் ஒத்துப் போகுது.

சரி, நம்ம சாப்பாட்டுக்கு எப்படின்னு ஒரு ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் மாதிரி ஒண்ணு வாங்கி, மெஸ் ஆயா ஸ்டைல்ல புளி, மிளகா அள்ளிப் போட்டு குழம்பு வெச்சேன். பக்கத்துல கோஷு. ஆயா குழம்பு முன்னாடி அது எங்க நிக்கும்? ஒயின் இருந்த சுவடே இல்ல, 2000 யென் தண்டம். பொண்டாட்டி ஒரு பார்வை பாத்தா பாரு.

இவ்ளோத்தையும் உனக்கு ஆசையா டைப் பண்ணிட்டு இருக்கும்போதுதான் ரவி போன் பண்ணான். உனக்கு சுகர் முன்னூறைத் தாண்டிருச்சாம், ஜூன்லேர்ந்து மாத்திரையாம், குடியை நிப்பாட்டிட்டியாம். ஏன்டா எங்கிட்ட சொல்லல? நான் எழுதாம இருந்ததுக்குப் பழிவாங்குறியா? ராத்திரி தூக்கமே வரல. உங்க அப்பா காலை எடுக்கும்போது ஆஸ்பத்திரி வாசல்ல நாம ரெண்டு பேரும் நின்னதுதான் திரும்பத் திரும்ப வருது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து இன்னிக்கே அனுப்பு.

அடுத்த அக்டோபர் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிராத. பாட்டில் எதுவும் வாங்கி வைக்க மாட்டேன், பந்தலுக்கு அடியில உக்காந்து பழத்தை மட்டும் தின்னுட்டு வருவோம்.

அடச்சே, திராட்சையும் உனக்கு ஆகாதோ? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு.

முரளி