வெண்புள்ளி குட்டம் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

எனது மகளுக்குப் பதினொரு வயதில் இடது முழங்கையில் ஒரு ரூபாய்க் குற்றியளவில் வெள்ளை விழுந்தது. மூன்று மாதத்துக்குள் கண் இமையிலும் வாயோரத்திலும் அது தெரியத் தொடங்கியதும், வகுப்பில் அவளைத் தனிக் கதிரையில் இருத்தினார்கள். "வெண்குட்டமாமே" என்று அயலில் ஒருவர் கேட்ட நாளிலிருந்து பிள்ளை நீளக்கைச் சட்டை இல்லாமல் வாசலுக்கும் வரவில்லை.

இந்தப் பெயரே பாதிக் கேட்டைச் செய்கிறது. வாவி நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் விட்ட காலத்தை மட்டக்களப்பார் மறக்கவில்லை. ஆனால் வெண்புள்ளி, தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழிப்பதால் வருவது. தொட்டாலோ, ஒரே கோப்பையில் குடித்தாலோ அது தொற்றாது. மீனும் பாலும் சேர்த்து உண்டதாலும் வருவதில்லை. உலகில் 200 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது உண்டு. தொழுநோயின் படையோ பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும், சுண்ணாம்பு வெள்ளையாக இராது. அதில் உணர்ச்சி குறைந்திருக்கும். அதற்கும் 6 அல்லது 12 மாத மாத்திரைகளால் முழுக் குணம் உண்டு என்பதால், அந்த நோயாளரையும் ஒதுக்க நியாயம் எதுவுமில்லை.

தோல் வைத்தியர் முதலில் மகளைக் கண்மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் சரியாகச் சொன்னாள். பின்னர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கொன்றைப் பிடித்தபோது வெள்ளைகள் நீலம் பாய்ந்து ஒளிர்ந்தன; எங்கள் கண்ணுக்குப் படாத இரண்டு புள்ளிகளும் விரலடியில் தெரிந்தன. தைரொயிட் கோளாறு கூடவே வரக்கூடும் என்பதால் இரத்தமும் சோதிக்கச் சொன்னார்.

இதைக் கேட்கும் முன்னரே நான் ஒரு பிழை செய்திருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் இருத்தியதில் பிள்ளையின் கை கொப்புளித்துவிட்டது. அந்த விதையில் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் பொருள் உள்ளது. அளவு தெரியாமல் நம் வெயிலில் வைத்தால் சுட்டுவிடும், சுட்ட காயத்திலேயே புதுப் புள்ளியும் எழக்கூடும். வெளுப்பாக்கும் கிறீம்களும் இப்படித்தான். அவற்றுட் சிலவற்றில் பாதரசமும் வலிய ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பதுண்டு.

முறையான சிகிச்சைக்குப் பொறுமை வேண்டும். பூசுமருந்தோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் புறஊதாக் கதிர் கொடுத்தால் பல மாதங்களில் நிறம் திரும்பும். முகத்தில் விரைவாக, விரல் நுனியில் மிக அரிதாக. மகளின் இமையில் ஆறாம் மாதம் மயிர்க்கால்களைச் சுற்றிக் கபில நிறப் பொட்டுகள் எழுந்ததைக் கண்டு நாங்கள் இருவரும் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றோம்.

நான் கேட்பது ஒன்றே. மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் தொழுநோய்க்காகத் தோல் பரிசோதனை நடக்கும்போதே, வெண்புள்ளி எது, தொழுநோய் எது என்பதை மாணவருக்கும் ஆசிரியருக்கும் அந்த இடத்திலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விளக்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளை வரவுக் குறைவாகக் கணக்கிடாதிருக்கவும் வலயக் கல்வி அலுவலகங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
களுவாஞ்சிக்குடி.