ஒரு ராத்திரி ரியோகானைப் பயணத்திட்டத்தில் சேர்ப்பவர்களுக்கு

ஜப்பானுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் தமிழ்நாட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே உங்கள் பயணத்திட்டங்களில் ஒரு வரி வருகிறது: "ஹகோனேயில் பாரம்பரிய வெந்நீரூற்று விடுதியில் ஓர் இரவு." நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வரிக்கு மேல் பயணிக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. குளிப்பது பொதுவில், உடுப்பில்லாமல் இறங்க வேண்டும், கட்டில் கிடையாது, காய்கறிக் குழம்பிலும் மீன் இருக்கும் என்பதெல்லாம் விடுதி வாசலில்தான் தெரியவருகிறது. அந்த நேரத்தில் வழிகாட்டியாலும் விடுதிக்காரர்களாலும் செய்யக்கூடியது மிகக் குறைவு. முன்பதிவின்போது நீங்கள் செய்தால் எல்லாமே செய்யலாம்.

முதலில் நேரம். ரியோகான் என்னும் இந்தப் பாரம்பரிய விடுதி படுத்து எழுந்து போகிற இடமல்ல. பிற்பகல் 3 மணிக்கு அறை கிடைக்கும். மறுநாள் காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டும். நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் தேநீர் குடித்து, யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கிக்கு மாறி, ஒரு குளியல் போட்டுவிட்டு 6 அல்லது 6.30க்குச் சாப்பிட உட்காரலாம். படுக்கும் முன் இன்னொரு குளியல், விடியற்காலையில் மற்றொன்று. கொடுக்கும் காசு இந்த மூன்று குளியலுக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும்தான். உங்கள் திட்டத்திலோ ஃபுஜி மலையின் ஐந்தாம் நிலையம், ஆஷி ஏரிப் படகு, ஓவாகுடானி ரோப்வே எல்லாம் அதே நாளில். பேருந்து வந்து நிற்கும்போது மணி 7.30. காய்செகி என்னும் அங்கத்திய இரவு விருந்து ஒவ்வொரு பண்டமாகச் சுடச்சுட வருவது. ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அதனால் குறித்த நேரம் தாண்டி வருபவர்களுக்குப் பல விடுதிகள் இரவு உணவு தருவதில்லை. கட்டிய பணமும் திரும்பாது. ஹகோனேயில் அந்நேரத்துக்குத் திறந்திருக்கும் உணவகமும் அரிது. அன்றைய இடங்களில் இரண்டைக் கழித்துவிடுங்கள். முடியாதென்றால் ரியோகானையே கழித்துவிட்டுச் சாதாரண ஹோட்டல் போடுங்கள். அதுதான் நேர்மை.

கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு என்பதையும் சொல்லுங்கள். அதில் பெரும்பாலும் இரவு உணவும் காலை உணவும் அடக்கம். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென் குளியல் வரி தனி. டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

அதிகம் தவறுவது சாப்பாட்டில்தான். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் இறைச்சித் துண்டும் மீன் துண்டும் வராது, அவ்வளவுதான். தாஷி வரும். கத்சுவோபுஷியைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு அது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக்கருவாடும் கத்சுவோபுஷியும் ஒரே சூரை இன மீனைக் காயவைத்துச் செய்பவை. இப்படிச் சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். மிசோ சூப், வேகவைத்த முள்ளங்கி, கீரை, முட்டைக் கஸ்டர்டு, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். பரிமாறும் அம்மாள் "இதில் மீன் இல்லை" என்பார்; அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் சாறு மீனாகாது. ஆகவே இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை, பால், வெங்காயம், பூண்டு என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் ஆகாது என்று, எத்தனை பேருக்கு என்ற எண்ணோடு, ஜப்பானிய மொழியில் அனுப்புங்கள். கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாக்கே காளானிலும் தாஷி எடுக்கலாம். சமையல்காரருக்கு அது தெரிந்த வேலைதான், ஆனால் எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வேண்டும். குறைந்தது ஒரு வாரம் முன்பே கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் கெஞ்ச வேண்டாம்; காலை உணவு மட்டும் உள்ள திட்டம் எடுங்கள், அல்லது வேறு விடுதி பாருங்கள். ஒவ்வொருவர் கையிலும் இந்த வாக்கியம் இருக்கட்டும்: "நிகு மோ சகானா மோ தபேமசென். சகானா நோ தாஷி மோ தபெராரெமசென்."

முழுச் சைவக் குழுவென்றால் ஹகோனேக்குப் பதில் ஒசாகாவுக்குத் தெற்கேயுள்ள கோயாசான் மலையின் கோயில் விடுதிகளை யோசியுங்கள். அங்கே பரிமாறும் ஷோஜின் என்னும் பௌத்தத் துறவிகளின் உணவில் மீனும் இறைச்சியும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. குளியல் மட்டும் பெரும்பாலான கோயில்களில் ஊற்றுநீரல்ல, சாதாரண வெந்நீர்.

பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். விருந்து மேசையில் திறக்குமுன் கேட்டுவிட்டால் நல்லது. அறையில் மின்னடுப்பு வைத்துத் தாளிக்கவே கூடாது. தாத்தாமி பாய் கோரைப்புல். எண்ணெய் வாசம் ஏறினால் போகாது.

குளியலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால் வரும் தொல்லை இன்னொன்று. வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, நீச்சலுடையோ நைட்டியோ துண்டோ தொட்டிக்குள் கூடாது. பலர் இறங்கும் நீரில் சோப்பும் துணி அழுக்கும் கலக்கக் கூடாது என்பதே காரணம். இதற்கு ஒப்பாதவர்கள் பலர் இருப்பார்கள், அதில் தவறே இல்லை. அவர்களுக்குக் கஷிகிரி உண்டு: குடும்பத்துக்கு மட்டும் 45, 50 நிமிடம் தரும் பூட்டக்கூடிய குளியலறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 குடும்பம், இரண்டு கஷிகிரி, முறைக்கு 50 நிமிடம் என்றால் 5 மணி நேரம். சாயங்காலம் மட்டும் போதாது. இரவுக்கும் காலைக்குமாகப் பிரித்து முன்னதாகவே நேரம் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் குளியல் இணைந்த அறைகளாக எடுங்கள்.

பொதுக் குளியலுக்குப் போகிறவர்கள் உடுப்பைக் கூடையில் வைத்துவிட்டுச் சின்னத் துண்டோடு உள்ளே போக வேண்டும். குழாயடி முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். நின்று குளித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். தலையில் தேங்காயெண்ணெய் இருந்தால் இரண்டு தடவை ஷாம்பூ போட வேண்டும். எண்ணெய் நீர்மேல் படலமாக மிதப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். கூந்தலைத் தூக்கிக் கட்டி, தொட்டி நீரைக் காலிலிருந்து மேலாக ஊற்றிக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். சூடு பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. முதல் தடவை 5 நிமிடம் போதும். மயக்கம் வருவது பெரும்பாலும் வெடுக்கென்று எழுந்திருக்கும்போதுதான். குடித்துவிட்டோ சாப்பிட்ட கையோடோ இறங்கக் கூடாது. இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் குளிர்காலத்தில் சில்லென்ற உடைமாற்று அறையிலிருந்து நேரே கொதிநீரில் இறங்குவது ஆபத்து. ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வரட்டும். கருவுற்றோர் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014இல் நீக்கிவிட்டது. ஆனாலும் அவர்களும் கேட்டுவிட்டே இறங்குவது நல்லது.

கந்தக ஊற்றில் வெள்ளி கறுத்துப்போகும். கொலுசும் மெட்டியும் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத விடுதிகள் உண்டு. நம் பாட்டிமார் கையிலுள்ள கோலப் பச்சையும் அவர்கள் கண்ணுக்கு டாட்டூதான். முன்பே கேளுங்கள், கஷிகிரி இருந்தால் சிக்கலே இல்லை. பல விடுதிகளில் ஆண், பெண் குளியலறைகளை இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். காலையில் நேற்றைய கதவு என்று நம்பி நுழையாமல் திரைச்சீலையைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆண் என்ற எழுத்தின் தலையில் வயலைக் குறிக்கும் நான்கு கட்டச் சதுரம் இருக்கும், பெண் என்பதில் இருக்காது.

ஊற்றில் 25 டிகிரி சூடு, அல்லது சட்டம் குறித்த 19 பொருள்களில் ஒன்று உரிய அளவில் இருந்தாலே 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஓன்சென், அதாவது வெந்நீரூற்று. ஆகவே பெயரை மட்டும் நம்பாதீர்கள். நீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுழற்சி செய்கிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்று 2005 முதல் விடுதிகள் எழுதி ஒட்டியாக வேண்டும். ஊற்றுநீர் அப்படியே வழிந்தோடும் "கென்சென் காக்கெநாகாஷி"தானா என்று கேட்டு எடுங்கள்.

முட்டிவலிக்காரர்களுக்குத் தரையில் ஃபூத்தோன் மெத்தை விரித்துப் படுப்பதும் தரையில் உட்கார்ந்து உண்பதும் தண்டனை. கட்டில் போட்ட தாத்தாமி அறையும் நாற்காலி மேசையும் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்; எண்ணிக்கை குறைவு என்பதால் முதலில் கேட்பவருக்கே. சக்கரப் பெட்டியைத் தாத்தாமியில் உருட்டக் கூடாது, பூவும் ஓவியமும் உள்ள மாடத்தில் வைக்கவும் கூடாது. ரயிலில் வரும் குழு என்றால் பெரிய பெட்டிகளை டோக்கியோவிலிருந்து கூரியரில் நேரே கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் துணியோடு ஹகோனே வரட்டும். யுகாதாவில் இடப்பக்கம் மேலே வர வேண்டும்; வலப்பக்கம் மேலே வைத்துக் கட்டுவது இறந்தவருக்கு.

உங்கள் முன்பதிவுப் படிவத்தில் மூன்று கட்டங்கள் கூடுதலாகச் சேருங்கள்: மீன் தாஷி ஆகுமா, பொதுக் குளியலுக்குப் போவீர்களா, தரையில் உட்கார்ந்து எழ முடியுமா. முன்பணம் வாங்கும் முன்பே இவற்றை நிரப்பி வாங்கி, ஜப்பானிய மொழியில் விடுதிக்கு அனுப்புங்கள். அடுத்த சாகுரா (செர்ரிப்பூ) பருவக் குழுக்களுக்கு அறை எடுக்கும்போதே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஜப்பானில் வழிகாட்டிகளாகப் பணிபுரியும் தமிழர்கள் சிலர்