டைல்ஸ் எழும்பினால் மிதித்து அமுக்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். சில வீடுகளில் ஹால் டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்பதாகப் படம் போட்டிருந்தீர்கள், அதனால்தான் இது. பெரும்பாலும் இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதித்ததுதான் காரணம். சூட்டில் டைல் விரியும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கித் தூக்கிவிடும், அடியில் கலவை முழுதாகப் பரவாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம். மற்ற டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், வெற்றுச் சத்தம் வந்தால் அங்கேயும் பிடிப்பில்லை.

எழும்பிய டைல்ஸைக் கழற்றி, பழைய கலவையைச் சுரண்டிவிட்டு, டைல் அட்ஹெசிவ் (டைல் ஒட்டும் பசை) போட்டு, ஸ்பேசர் (இடைவெளிக்காக நடுவில் வைக்கும் சின்னத் துண்டு) வைத்து 2 மி.மீ.யாவது இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். சுவரோரமும் கொஞ்சம் இடம் வேண்டும், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) அதை மறைத்துவிடும். கிரவுட் (டைல் இடைவெளியை அடைக்கும் கலவை) மறுநாள்தான், டைல்ஸ்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.

அப்புறம் பாத்ரூம். தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள்! சிமெண்ட் கிரவுட்டை அது அரித்துவிடும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரை ஊறும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. அன்றாட அழுக்குக்குச் சமையல் சோடாவும் பிரஷும் போதும்.

மிச்ச டைல்ஸ் இருந்தால் பரணில் பத்திரமாக வையுங்கள், அதே ஷேட் பிறகு கடையில் கிடைப்பது கஷ்டம்.