முரளிக்கு, ஆட வைக்கும் ஒரு ப்ளூஸ் பாட்டு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. ஒரு கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இன்னொன்றையும் தள்ளிப்போடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பியிருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் முகம்தான் சரியில்லை.

"ப்ளூஸ் என்றாலே அழுமூஞ்சிப் பாட்டுதானே, அதை எப்படி மணிக்கணக்கில் கேட்கிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். மிருதங்கம் வாசித்தவன் கேட்கிற கேள்வியா இது? ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் கட்டிய பாட்டு வகை. சரி, அமெரிக்காவின் கேன்ட் ஹீட் குழுவின் 'ஆன் த ரோட் அகெய்ன்' பாட்டை ஒரு முறை கேள். 1968இல் வந்தது. ஹிட் பட்டியலில் அமெரிக்காவில் 16ஆம் இடம், இங்கிலாந்தில் 8ஆம் இடம் வரை ஏறிய பாட்டு. தொடங்கியதும் உனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் முதலில் காதில் விழுவது தம்புரா. நிஜத் தம்புராதான். அதன் மேல் கிடாரின் மணி போன்ற மெல்லிய ஒலிகள், அப்புறம் டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்துகொள்கின்றன. அதற்குப் பிறகு உன் கால் உன் பேச்சைக் கேட்காது.

ப்ளூஸில் வழக்கமாக 12 பார் கணக்கு உண்டு, பார் என்றால் நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு. மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், மாறி மாறி வந்து சுற்று முடியும். இந்தப் பாட்டில் அந்த மாற்றமே இல்லை. ஒரே ஆதாரத்தில் நின்றுகொண்டு அதே தாளத்தை உருட்டிக்கொண்டே போகிறார்கள். இந்த வித்தை கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கர் 1948இல் பதிவு செய்த 'பூகி சில்லன்' பாட்டிலேயே இருக்கிறது. அவர் தனியாள், ஒரு கிடார், தரையைத் தட்டும் கால், அவ்வளவுதான். அடுத்த கார்டு எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு போய்விட்டால் மனசு முழுக்கத் தாளத்தில் இறங்கிவிடுகிறது. ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

பாட்டின் வரிகளோ படு சோகம். சின்ன வயதிலேயே விட்டுப்போன அம்மா, மழை, துணையில்லாமல் நடக்கிற வழி. அதைக் குழுவின் ஆலன் வில்சன் பொய்க்குரலில், பெண் குரலோ என்று சந்தேகம் வரும்படி பாடுகிறார். மிசிசிப்பிக்காரரான பழைய ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் பாடிய பாணி அது. தம்புராவும் வில்சன் வாசித்ததுதான், மவுத் ஆர்கனும் அவரே. தனக்கு வேண்டிய ஒரு சுரம் மவுத் ஆர்கனில் இல்லை என்று உள்ளே ஒலியெழுப்பும் உலோக நாக்கு ஒன்றைத் திருத்தி அரை சுரம் ஏற்றிக்கொண்டார். பித்துக்குளித்தனம்தான், ஆனால் இந்தப் பித்து இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை.

குழுவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பழைய இசைத்தட்டு சேகரிக்கும் பைத்தியங்கள் கூடி ஆரம்பித்தது. பாடகர் பாப் ஹைட் பெருத்த உடம்புக்காரர், பட்டப்பெயர் 'கரடி'. வீடு நிறைய நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள். கிடார் வாசித்த ஹென்றி வெஸ்டைன், காணாமல் போயிருந்த ஸ்கிப் ஜேம்ஸை 1964இல் மிசிசிப்பியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். வில்சனின் பட்டப்பெயர் 'குருட்டு ஆந்தை', அவ்வளவு கிட்டப்பார்வை. சன் ஹவுஸ் என்ற பழம்பெரும் கலைஞர் பல வருஷம் கிடாரைத் தொடாமல் இருந்து தன் பாட்டுகளையே மறந்திருந்தார். பழைய தட்டுகளில் அவர் வாசித்ததை அவருக்கே வாசித்துக் காட்டி நினைவுபடுத்தியது இருபது வயதைத் தாண்டியிருந்த இந்தப் பையன். 1965இல் சன் ஹவுஸின் புதுத்தட்டு வந்தது.

குழுவின் பெயரும் ஒரு பழைய தட்டிலிருந்து எடுத்ததுதான். மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் டாமி ஜான்சன் 1928இல் பாடிய 'கேன்ட் ஹீட் ப்ளூஸ்' பாட்டு. அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கிடைக்காத ஏழைகள் டப்பாவில் வரும் அடுப்பு எரிபொருளை வடிகட்டிக் குடித்த கொடுமையைப் பற்றியது. 'ஆன் த ரோட் அகெய்ன்' கூட அவரது 'பிக் ரோட் ப்ளூஸ்' என்ற இன்னொரு 1928 பாட்டிலிருந்து கிளைத்ததே. நடுவில் ஃப்ளாய்ட் ஜோன்ஸ் சிகாகோவில் அதை எடுத்து வேறு மாதிரி பாடியிருந்தார், இவர்கள் அவர் பாடியதைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பினக் கலைஞர்கள் கஷ்டத்தில் கட்டிய பாட்டை வெள்ளைக்காரப் பையன்கள் ஹிட் ஆக்கினார்களே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனால் 1970இல் ஹூக்கரையே அழைத்து அவரோடு உட்கார்ந்து ஒரு இரட்டைத் தட்டு பதிவு செய்தவர்கள் இவர்கள். ஹூக்கர் கணக்கில்லாமல் நினைத்த இடத்தில் திரும்புவார். வில்சன் அவர் பின்னாலேயே நூல் பிடித்தாற்போல் போகிறார். அதே வருஷம் செப்டம்பரில் வில்சன் இறந்துபோனார். வயது 27.

உன்னிடம் ஒரு வேலை. இந்தப் பாட்டின் நடை எனக்குத் திஸ்ரம் போல் படுகிறது, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து நடு அடி மட்டும் விழுங்கப்படுகிறது. மிருதங்கத்தை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்த்துவிட்டு எழுது. சொட்டு மருந்தை மறக்காதே. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
சேகர்