பர்லிங்டனில் எண்ணப்படாத இரண்டாம் விருப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை முறை வந்தால், வாக்குகள் சிதறிப் பெரும்பான்மையோர் விரும்பாதவர் வெல்லும் வாக்குப் பிரிப்புக்கே இடமில்லை என்று வாதிடுவோர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் 2009இல் நடந்த மேயர் தேர்தலைப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட் 2,951, முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ் 2,585, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி மாண்ட்ரோல் 2,063 வாக்குகள் பெற்றனர். குறைந்த வாக்கு பெற்றவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவதே முறை. அப்படிச் சிறிய வேட்பாளர்களுக்குப் பின் மாண்ட்ரோலும் நீக்கப்பட, இறுதியில் கிஸ் 4,313, ரைட் 4,061; கிஸ் வென்றார்.

ஆனால் அதே சீட்டுகளை இருவர் இருவராக ஒப்பிட்டால், கிஸ், ரைட் இருவரையுமே மாண்ட்ரோல் வென்றிருப்பார்! ரைட் கடைசிவரை களத்தில் நின்றதால், அவருடைய ஆதரவாளர்களில் பலர் மாண்ட்ரோலுக்கு அளித்த இரண்டாம் விருப்பம் திறந்தே பார்க்கப்படவில்லை. அவர்கள் ஏமாந்துபோனது நியாயமான வருத்தம்.

2010இல் நகர மக்கள் இம்முறையையே ரத்து செய்தனர். 2021இல் நகர மன்றத் தேர்தலுக்கு மட்டும் மீண்டும் ஆதரித்தனர். ரத்து தீர்வல்ல. சீட்டு விவரம் வெளியானதால்தான் இந்தக் குறை தெரிந்தது. இம்முறையைக் கொண்டுவரும் எந்த ஊரும் சுற்று முடிவுகளோடு நேருக்கு நேர் ஒப்பீட்டையும் கட்டாயம் வெளியிட வேண்டும்.

— வாசகர்