கரையைப் பார்த்து வீடு எடு

ஸ்காபரோ
தை 18

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். ஓகஸ்டில் நீங்கள் ஐந்து பேரும் அம்மாவும் வர, எங்கள் வீட்டு நால்வரும் சேர்ந்து, ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிகள் நிறைந்த மஸ்கோகாவில் ஒரு கிழமை ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் நீ அனுப்பிய மூன்று கொட்டேஜ் (ஏரிக்கரை வாடகை வீடு) படங்களிலும் குசினி இருக்கிறது, சோபா இருக்கிறது, கூரைவரை கண்ணாடி யன்னல் இருக்கிறது. தண்ணீரோரம் எப்படி என்று ஒன்றிலாவது தெரிகிறதா? அங்கே பகல் முழுக்கக் கரையில்தான் இருப்போம். வீடு படுக்கவும் சமைக்கவும் மட்டும். ஆகவே முதலில் கரை, பிறகுதான் சோபா.

மஸ்கோகா கனடியக் கேடயம் என்கிற பழம்பாறையின் மேல் கிடக்கிற பிரதேசம். பனிப்பாறைகள் மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டன. மிச்சம் கருங்கல்லும் அதன் பள்ளங்களில் தேங்கிய ஏரிகளும். 1868இல் இலவசக் காணிச் சட்டம் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஒரு சாண் மண்ணில் என்ன விளையும்? கமம் படுத்தது, கோடைக்கு வந்து தங்குகிறவர்கள்தான் ஊரைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்தக் கதை உனக்கு எதற்கென்றால், இங்கே இயற்கையான மணற்கரை குறைவு. பெரும்பாலான வீடுகள் பாறை மேட்டில் இருக்கும், தண்ணீருக்கு மரப்படிகளால் இறங்கவேண்டும். முப்பது, நாற்பது படிகள் சாதாரணம். அம்மா முதல்நாள் ஒருதரம் இறங்கி ஏறுவா, மிச்ச ஆறு நாளும் மேலே தனியே இருப்பா.

வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்கவேண்டியவை: வாசலிலிருந்து டொக் (தண்ணீருக்குள் நீட்டிய மரமேடை) வரை எத்தனை படி, கைபிடி இருக்கிறதா. டொக்கின் நுனியில் தண்ணீர் எவ்வளவு ஆழம். கரையோரத்தில் கால் வைத்தால் மணலா, பாறையா, சேறா, பாசியா. டொக் எந்தத் திசையைப் பார்க்கிறது. டொக்கில் நின்று வீட்டை நோக்கி எடுத்த படம் ஒன்று கட்டாயம் கேள். அந்தப் படத்தில் சரிவு பொய் சொல்லாது. 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதே. நுனியில் இரண்டு மீற்றர் ஆழமுள்ள டொக்குக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீந்தத் தெரியாத உன் சின்னவளுக்குக் கரையிலிருந்து பத்தடி போனாலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற இடம் வேண்டும். மேற்கு அல்லது தெற்குப் பார்த்த டொக் என்றால் பின்னேர வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்ததென்றால் பின்னால் நிற்கிற பைன் மரங்களின் நிழல் நேரத்தோடு விழுந்து பலகை ஈரமாகவே கிடக்கும்.

தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் பயப்படாதே. சதுப்பு நிலங்களில் ஊறிய இலைதழைகளின் சாயம் அது, அழுக்கல்ல.

ஏரி எது என்பதும் முக்கியம். மஸ்கோகா, ரோசோ, ஜோசப் என்ற மூன்று பெரிய ஏரிகளின் பெயருக்கே தனி வாடகை. பெரிய படகுகள் நாள் முழுக்க ஓடும், அலை வந்து டொக்கை அடித்துக்கொண்டே இருக்கும், சின்னப்பிள்ளைகள் கனூ வலிக்க முடியாது. நான் உன் இடத்தில் இருந்தால் ஹன்ட்ஸ்வில் பக்கம் மேரி ஏரி, பெனின்சுலா ஏரி, இல்லாவிட்டால் இன்னும் சின்னதாகப் பெயர் கேள்விப்படாத ஒன்றைத் தேடுவேன். காசு இறுக்கமென்றால் கிழக்கே ஹாலிபர்ட்டன் பார். கவார்த்தா இன்னும் கிட்ட, தண்ணீரும் ஆழம் குறைந்து வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் பாசி கூட, அங்குள்ள வரிக்குதிரைச் சிப்பிகள் வெறுங்காலைக் கீறும். மஸ்கோகா ஏரிகளில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அந்தச் சிப்பிக்கு ஓடு கட்ட வழியில்லை.

எந்தக் கிழமை? ஓகஸ்டின் முதல் திங்கள் இங்கே விடுமுறை, அந்த வார இறுதியை விட்டுவிடு. ஓகஸ்ட் மூன்றாம் அல்லது நான்காம் சனியில் தொடங்குகிற கிழமைதான் என் தெரிவு. கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர், உங்கள் பள்ளிக்கூடமும் தொடங்கியிராது, நுளம்பும் அடங்கியிருக்கும். மே நடுவிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ. ஓடுகிற தண்ணீரில் பெருகி, காதுக்குப் பின்னாலும் மயிரோரத்திலும் கடித்து இரத்தம் வரப்பண்ணும். அதற்குமேல் நுளம்பு, யூலையில் தலையைச் சுற்றிச் சுற்றி வரும் மான் ஈ. இவ்வளவையும் தாண்டித்தான் ஓகஸ்ட் கடைசி. மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கும் ஆசை இருந்தால் செப்டெம்பர் கடைசியில் இன்னொரு தரம் வா, அப்போது தண்ணீரில் காலை வைக்க மாட்டாய்.

யூலை, ஓகஸ்டில் அநேகமாக சனியிலிருந்து சனிவரைதான் வாடகைக்குத் தருவார்கள். பின்னேரம் 4 மணிக்கு உள்ளே போய், அடுத்த சனி காலை 10 மணிக்கு வெளியே வரவேண்டும். விளம்பரத்தில் காண்கிற தொகையை வைத்துக் கணக்குப் போடாதே. துப்புரவுக் கட்டணம், இணையத்தளத்தின் கட்டணம், 13 வீத எச்.எஸ்.ரி. வரி, சில ஊர்களில் தங்குமிட வரி என்று ஏறும். வாடகை வீட்டுக்கு உரிமம் கேட்கிற நகரசபைகளும் உண்டு. உரிமத்தில் எத்தனை பேர் என்று இருக்கும். நாங்கள் பத்துப் பேர் என்பதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடு. 'பத்துப் பேர் படுக்கலாம்' என்ற வீட்டில் நான்கு பேருக்கு சோபாதான் படுக்கை. அறைகளை எண்ணு, கட்டில்களை எண்ணு, கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு அறையும் குளியலறையும் இருக்கிறதா என்று பார். படுக்கை விரிப்பும் துவாயும் தருவார்களா என்றும் கேள், பலர் தருவதில்லை.

இனி பாதை. உன் இங்கிலாந்து லைசன்ஸ் மூன்று மாதம் செல்லும். எட்டு வயதுக்குக் கீழே, 145 சென்ரிமீற்றருக்கும் 36 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைக்கு உயர்த்தி வைக்கிற பூஸ்ரர் இருக்கை சட்டப்படி வேண்டும். இரண்டு இருக்கைகளை இங்கே தேடித் தருவேன். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, பாரி தாண்டியதும் பிரிகிற 11ஐப் பிடித்தால் ஒரில்லியா, கிரேவன்ஹர்ஸ்ட், பிரேஸ்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில் என்று வரிசையாக வரும். வெறும் பாதையில் கிரேவன்ஹர்ஸ்டுக்கு இரண்டு மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் புறப்பட்டால் பாரிக்கு முன்னமே ஊர ஆரம்பிப்பாய். நாங்கள் சனி காலை 7 மணிக்கு வெளிக்கிடுவோம். 400 இறுகிக் கிடந்தால் மார்க்கமிலிருந்து 48, பிறகு 12 என்று சிம்கோ ஏரியின் கிழக்குக் கரையால் ஒரில்லியாவுக்குப் போகலாம். தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஒற்றைத் தடம், ஆனால் நகரும். ஒரில்லியா தாண்டி, நெடுஞ்சாலைக்கு மேலே நடைபாலம் போட்ட வெபர்ஸ் பேர்கர் கடையில் பிள்ளைகள் நிற்பாட்டச் சொல்லுவார்கள். கரியில் சுடுகிற மாட்டிறைச்சி அது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

4 மணி வரைக்கும் கிரேவன்ஹர்ஸ்ட் துறைமுகத்தில் நேரம் போக்கலாம். செக்வன் என்ற நிலக்கரி நீராவிக் கப்பல் அங்கேதான் நிற்கிறது. 1887இல் கட்டிய உடல், இன்னமும் ஓடுகிறது. ஒரு மணித்தியாலச் சவாரிக்கே கோடையில் முன்கூட்டி ரிக்கற் எடுக்கவேண்டும். சீனாவில் போற்றப்படுகிற டொக்டர் நோர்மன் பெத்யூன் 1890இல் பிறந்த வீடும் அதே ஊரில் இருக்கிறது.

இப்போது வீட்டுக்குள். நகர வீடு என்று நினைத்துக் கையாள்வதால்தான் கொட்டேஜில் எல்லாம் கெடுகிறது. தண்ணீர் பெரும்பாலும் ஏரியிலிருந்து பம்ப் இழுத்து வருகிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பூட்வால்வு, குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்பவிடாத அந்த மூடி, ஒழுகினால் எப்படி? அதே கதை இங்கேயும். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்து, பம்ப் காற்றை இழுத்துச் சும்மா சுற்றிச் சூடேறும். தண்ணீர் வராமல் பம்ப் சத்தம் மட்டும் கேட்டால் உடனே பிரேக்கரை நிற்பாட்டிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடு. பிறகு தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுப்பது அவர் வேலை. குடிக்கிற தண்ணீருக்கு வடிகட்டியும் அதற்குப் பின் கிருமி கொல்லும் யூ.வி. விளக்கும் இருக்கும், விளக்கு எரிகிறதா என்று போனவுடன் பார். கரண்ட் நின்றால் பம்பும் விளக்கும் சேர்ந்து நின்றுவிடும். இடிமழை கறுத்துக்கொண்டு வந்தால் முதல் வேலை, இரண்டு வாளி தண்ணீர் பிடித்து மலகூடத்தில் வைப்பது. ஆறேழு லீற்றரைக் கிண்ணத்துக்குள் ஒரே வீச்சில் ஊற்றினால் போய்விடும். சிறிது சிறிதாக ஊற்றினால் போகாது.

கழிவு செப்ரிக் குழிக்குப் போகிறது. ஒன்ராறியோவில் அது குறைந்தது 3,600 லீற்றர் கொள்ளவேண்டும். கனமானது அடியில் படியும், எண்ணெய் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போய் மண்ணுக்குள் ஊறும். தெளிய அதற்கு நேரம் வேண்டும். பத்துப் பேரும் காலையில் வரிசையாகக் குளித்து, இரண்டு தரம் உடுப்பும் தோய்த்தால் கலங்கல் அப்படியே ஊறுமண்ணுக்குப் போய் அடைக்கும். குளியலறையில் தண்ணீர் மேலே ஏறி வரும், திருத்துகிற செலவு உன் தலையில் விழும். ஆகவே பாதிப்பேர் காலை, பாதிப்பேர் இரவு. சுடுதண்ணீர்த் தாங்கி 150 லீற்றர்தான் என்றால் எப்படியும் மூன்றாம் ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்.

எங்கள் சமையல்தான் அந்தக் குழிக்கு எதிரி. பொரித்த எண்ணெயை ஆறவிட்டுப் பழைய ரின்னில் ஊற்றிக் குப்பையில் போடு. கறிச்சட்டியைக் கழுவ முன் காகிதத்தால் துடை. சிங்கில் வலைவடி ஒன்றைப் போட்டுவை, சோறும் பருப்பும் புட்டுமாவும் அதற்குள் இறங்கவே கூடாது. ஈரத் துடைதாளில் 'பிளஷ் பண்ணலாம்' என்று எழுதியிருந்தாலும் மலகூடத்தில் போடாதே. கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும். அதன் பற்றரியைக் கழற்றவேண்டாம், தாளிப்பை வெளியே கொண்டுபோ. பல பாபிகியூ அடுப்புகளின் பக்கத்தில் தனி அடுப்பு ஒன்று இருக்கும். அதன் காஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, உருளையின் மேல் ஒரு கோப்பை சுடுதண்ணீரை ஊற்றிக் கையால் தடவு. குளிராக இருக்கிற இடம்வரை காஸ் இருக்கிறது.

அரிசி, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், மீன், ஆடு எல்லாம் ஸ்காபரோவிலேயே வாங்கி, இறைச்சியை உறையவைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோவோம். பாலும் பாணும் மரக்கறியும் பிரேஸ்பிரிட்ஜிலோ ஹன்ட்ஸ்விலிலோ கிடைக்கும். சோறு ஆக்கும் ரைஸ் குக்கரும் பெரிய சட்டி ஒன்றும் நான் கொண்டுவருகிறேன். அங்குள்ள சட்டி நாலு பேர் பாஸ்ராவுக்குத்தான் காணும்.

கறுப்புக் கரடி உண்டு. மனிதரைத் தேடி வராது, வாசனையைத் தேடி வரும். குப்பை வீட்டுக்குள் அல்லது பூட்டுப் பெட்டிக்குள், பாபிகியூவின் எண்ணெய்த் தட்டு அன்றன்றே சுத்தம். விறகு ஊரிலிருந்து காவிப் போகாதே, மரம் அரிக்கும் வண்டும் கூடவே போகும். போகிற இடத்தில் வாங்கு. பகலில் தீ மூட்டக்கூடாது. இரவிலும் அன்றைய தீ எச்சரிக்கை என்ன என்று நகரசபைத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான்.

தண்ணீரில் காவலர் எவரும் இல்லை. ஒரு பெரியவர் கைபேசியை வைத்துவிட்டு டொக்கில் இருக்கவேண்டும், மணித்தியாலத்துக்கு ஆளை மாற்றலாம். கனூவோ மோட்டர் படகோ, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜக்கெட் படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். வாடகை வீடுகளில் பெரியவர்களின் அளவுதான் தொங்கும், சின்னவளுக்கு அளவானது ஒன்றை முன்கூட்டியே வாங்கிவைக்கவேண்டும். காற்று நிரப்பிய மிதவைகளைக் காற்றடிக்கிற நாளில் இறக்காதே, பார்த்துக்கொண்டிருக்க நடுஏரிக்குப் போய்விடும். தலைகீழாகப் பாய்வது வேண்டாம். சாயத் தண்ணீருக்குள் பாறை தெரியாது. உன்னைப்போல வெளிநாட்டிலிருந்து வருகிற, பதினெட்டு வயதானவர்களுக்கு மீன் பிடிக்க அனுமதி வேண்டும், ஒருநாள் அனுமதியே உனக்குப் போதும்.

ஒருநாள் அல்கொங்குவின் பூங்காவுக்குப் போவோம். ஹன்ட்ஸ்விலிலிருந்து 60ஆம் சாலை நேரே உள்ளே போகிறது. வாகன அனுமதியை ஐந்து நாள் முன்னதாகவே எடுக்கலாம், வார இறுதியில் முடிந்துவிடும். செவ்வாய் அல்லது புதன் போவோம். வானம் தெளிந்த இரவொன்றில் ரொரன்ஸ் பாரன்ஸ் போய் நட்சத்திரம் பார்க்கலாம். விளக்கு வெளிச்சம் படாமல் 1999இலிருந்து காக்கிற வெறும்பாறை வெளி. பாறையில் விரிக்கப் பாய் ஒன்று, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய ரோர்ச் ஒன்று.

அம்மாவுக்குப் பயணக் காப்புறுதியை ரிக்கற் போடுகிற அன்றே எடு. இங்குள்ள அரச மருத்துவத் திட்டம் வருகையாளருக்குச் செல்லாது, காப்புறுதிப் படிவத்தில் முழங்கால் ஒப்பரேஷனை மறைக்காமல் எழுது. பிரேஸ்பிரிட்ஜிலும் ஹன்ட்ஸ்விலிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. காட்டுப் பாதையில் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும், 911க்குச் சொல்ல வீட்டின் அவசர இலக்கம் வேண்டும். அது பாதை முகப்பில் பலகையில் இருக்கும். போன அன்றே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவோம்.

நல்ல வீடுகள் மாசிக்குள் போய்விடும். மூன்று வீட்டுக்காரருக்கும் படிகளையும் ஆழத்தையும் கேட்டு இந்தக் கிழமையே எழுது. முற்பணம் கட்ட முன் அவர்களின் பதிலையும் டொக்கிலிருந்து எடுத்த படத்தையும் எனக்கு அனுப்பு. மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மா இப்போது எத்தனை படி ஏறுகிறா என்பதையும் மறக்காமல் எழுது.

உன் மச்சான்