டெக்சாஸில் வழியனுப்பியவர்களுக்கும் ஜெர்மனியில் வரவேற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

இந்த மடலில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்திலும், அகராதியைப் பார்த்துப் பார்த்து ஜெர்மனிலும் அட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் ஊரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: மாப்பிள்ளை மிலிட்டரி, அதுவும் அமெரிக்க மிலிட்டரி, விமானத்தில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருப்பார்கள், இவளுக்கு என்ன கஷ்டம் என்று. ஏற்றியது உண்மை, இறக்கியதும் உண்மை. அதற்கு முன்னாலும் பின்னாலும் யார் யார் எங்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது தமிழிலும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 2009-இல் அமெரிக்க இராணுவம், கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொள்ள 'மாவ்னி' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருந்த என் கணவர் அந்த வழியாகச் சேர்ந்தவர். 2016-க்குப் பிறகு புதிதாக யாரையும் அதில் எடுக்கவில்லை. இப்போது அவர் ஸ்டாஃப் சார்ஜெண்ட். மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு மூன்று, அவனுக்கு வீசிங் உண்டு. டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட்டிலிருந்து ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் மாற்றல் வந்தது. (ஹூட் என்ற பெயர் 2023-இல் கவாசோஸ் ஆகி, 2025-இல் திரும்பவும் ஹூட் ஆனது. எங்கள் படிவங்களில் இரண்டு பெயரும் கலந்து கிடக்கும்.) கணவருக்கு எந்தப் பிரிவு, என்ன வேலை என்பதெல்லாம் எழுதக்கூடாது. எழுதவில்லை.

முதல் நன்றி ஒரு நர்ஸ் அம்மாவுக்கு. வெளிநாட்டு மாற்றலில் சிப்பாய்க்கு ஆர்டர் வந்துவிட்டால் குடும்பமும் கிளம்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை முடியவேண்டும். யாருக்காவது தொடர்ந்து வைத்தியம் தேவையென்றால் இ.எஃப்.எம்.பி. என்ற திட்டத்தில் பதிந்து, போகிற ஊரில் அந்த வைத்தியம் கிடைக்கும் என்று அங்கிருந்து பதில் வரவேண்டும். கிடைக்காது என்று வந்தால் அவர் மட்டும் போவார், நானும் பிள்ளைகளும் இங்கேயே. மகனுடைய தாள்கள் ஏதோ ஒரு மேசையில் சிக்கி அசையாமல் கிடந்தன. அந்த அம்மா தினமும் காலையில் முதல் வேலையாக அந்த மேசைக்குப் போன் போட்டார். அவருடைய வேலை அது இல்லை. கடைசியில் பதில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "மருந்து, மெடிக்கல் ரெக்கார்டு, பாஸ்போர்ட், இந்த மூன்றும் உன் தோளில்தான் தொங்கவேண்டும், லாரியில் ஏறக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

லாரியில் ஏறாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. இருபது வருஷம் பட்டாளத்துக்காரரோடு ஊர் ஊராகக் குடித்தனம் நடத்தியவர். பேக் செய்ய வருகிறவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள், குப்பைத் தொட்டியைக் குப்பையோடு வைத்ததும் உண்டு என்றார். அதனால் கையோடு கொண்டுபோகிற சாமான் அத்தனையையும் குளியலறையில் அடைத்து, கதவைச் சாத்தி, 'இங்கே எதையும் தொடாதீர்கள்' என்று ஒட்டச் சொன்னார். அன்று காலை மகளைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவலுக்கும் உட்கார வைத்தார். அவள் அந்த வேலையை எவ்வளவு தீவிரமாகச் செய்தாள் என்றால், என்னையே உள்ளே விடவில்லை.

சாமான் ஒரே தவணையில் போகாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அவசரத்துக்கு வேண்டியது ஒரு சின்னச் சரக்காக முன்னால் போய்விடும், பெரிய சரக்கு கப்பலில் மெதுவாக வரும், மிச்சம் அமெரிக்காவிலேயே கிடங்கில் இருக்கும். சின்னச் சரக்கில் டி.வி.யை வைக்கலாம் என்றார் என் கணவர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குக்கர், பிள்ளைகளின் போர்வை, தலையணை, பொம்மைப் பெட்டி என்று எழுதிக் கொடுத்தார். இட்லித் தட்டை நானாகச் சேர்த்துக்கொண்டேன். 110 வோல்ட் கிரைண்டர் மட்டும் கிடங்குக்குப் போயிற்று.

பாஸ்போர்ட் விஷயத்தில் உதவிய நோட்டரிக்கும் நன்றி. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்க அப்பா, அம்மா இருவரும் நேரில் வரவேண்டும். முடியாதவர் நோட்டரி முன்னால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். கணவர் பயிற்சிக் களத்தில் இருந்தார். அவர் வெளியே வரக் கிடைத்த சொற்ப நேரத்துக்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தவர் அந்த நோட்டரி.

பால்டிமோர் விமான நிலையத்திலிருந்து, ஜெர்மனியில் அமெரிக்க விமானத் தளம் இருக்கும் ராம்ஸ்டைனுக்குப் 'பேட்ரியட் எக்ஸ்பிரஸ்' என்று இராணுவமே ஒரு விமானம் விடுகிறது. பல மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது அங்கிருக்கும் யு.எஸ்.ஓ. என்ற, சிப்பாய்க் குடும்பங்களுக்கு உதவும் தொண்டு அமைப்பின் ஓய்வறை. அங்கே தொண்டு செய்கிற தாத்தா ஒருவர் மகனுக்குச் சீட்டுக்கட்டில் வீடு கட்டிக் காட்டினார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பையன், சிப்பாய், பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். மகன் அவன் தோளில் வாயைத் திறந்து தூங்கினான், அவன் அசையவேயில்லை. தம்பி, உன் சட்டையில் எச்சில் கறை. மன்னித்துக்கொள்.

ராம்ஸ்டைனில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் எங்கள் ஸ்பான்சர் சார்ஜெண்டும் அவர் மனைவியும். புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒருவரைப் பொறுப்பாகப் போடுவது இராணுவ வழக்கம். பேருக்குச் செய்கிறவர்களும் உண்டு என்று கேள்வி. இவர்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அளவான கார் சீட் மாட்டிய வண்டியோடு வந்தார்கள். பிள்ளைகளின் எடையை முன்கூட்டியே மெயிலில் கேட்டிருந்தார் அந்த அம்மா. எதற்கு என்று அப்போது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைத்திருக்கும் என்று தங்கும் அறையில் பால், முட்டை, அரிசி, வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் கார் கப்பலில் வந்து சேரும்வரை அவர்கள் வண்டிதான் எங்களுக்கும். ஓட்டுநர் தேர்வுக்கு நான் படித்ததும் அந்த அம்மாவிடம்தான். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடவேண்டும் என்ற ஜெர்மன் விதியை, சமையல் மேசையில் கரண்டிகளை அடுக்கி நடத்திக் காட்டினார்.

அந்த விடுதியில் இருந்தபோதுதான் ஒரு ராத்திரி மகனுக்கு மூச்சு இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், மகள் தூங்குகிறாள். எதிர் அறைக் கதவைத் தட்டினேன். கொரியாவிலிருந்து மாற்றலாகி எங்களுக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த குடும்பம், முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்போம், அவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து, மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டார். விடிந்து மகள் கண் விழித்தபோது பயப்படக்கூடாது என்று ஒரு தாளில் எங்கள் நான்கு பேரையும் வரைந்து, இரண்டு பேர் ஆஸ்பத்திரியில், அப்பா வண்டி ஓட்டுகிறார் என்று காட்டியிருக்கிறார். லாண்ட்ஸ்டூல் மருத்துவமனை, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்க மருத்துவமனைகளில் பெரியது, போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் எத்தனையோ பேர் வந்துபோன இடம். அங்கே இரவுப் பணியில் இருந்த மெடிக், மூன்று வயதுப் பையனின் நெபுலைசர் மாஸ்க்குக்கு விமானி என்று பேர் வைத்துச் சமாளித்தார். அவருக்கும் நன்றி.

இனி, கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

கறிவேப்பிலை தேடிப் போய் ஒரு தமிழ்க் கடையைக் கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். "பிள்ளை எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டார் கடைக்கார ஐயா. கோயம்புத்தூர், இப்போது அமெரிக்கா, கணவர் ஆர்மி என்றேன். ஆர்மி என்றதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று அடங்கியது. மேலே எதுவும் கேட்கவில்லை. நான் கேட்காத முருங்கைக்காயை இரண்டு கட்டுப் பையில் போட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்தடுத்த முறை போனபோது அவர் மனைவியோடு பழக்கமாயிற்று. சாமான் இன்னும் கடலில் கிடக்கிறது, அரைக்கக் கிரைண்டர்கூட இல்லை என்று அவரிடம் புலம்பினேன். "வரும் பிள்ளை, கப்பல் வரும், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றவர், அன்று மாலையே தன் வீட்டுக் கிரைண்டரைத் தன் மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தியாவில் வாங்கியது. மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட் பக்கம்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஐயா 1985-இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதியானவர் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷங்களில் நிறைய ஈழத்தமிழர்கள் வந்த வழி அது. கையில் ஒரு பை. வந்த புதிதில் வேலை செய்ய அனுமதி இல்லை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. எங்களுக்கோ, என் கணவரின் பதவிக்கு 11,000 பவுண்டு சாமான் வரை அரசே தன் செலவில் அனுப்புகிறது. காரையும் அனுப்புகிறது, வீடு கிடைக்கும்வரை தங்கும் செலவும் தருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது. எங்களுக்கு ஆர்டர் இருந்தது, திரும்பிப் போக ஒரு தேதியும் இருக்கிறது. அவர்கள் இரண்டும் இல்லாமல்தான் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் எங்களைப் பாவம் பார்த்தார்கள் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் கணவரைப் போலந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடைக்கார அக்கா வாரக் கடைசியில் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். பிள்ளைகள் அவரை அம்மம்மா என்றே கூப்பிடுகிறார்கள், மகளுக்கு 'கதைக்கிறது' ஒட்டிக்கொண்டது. கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கும் எங்களைக் கூட்டிப்போனார்கள். 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோவில், ஈழத்தமிழர்கள் எழுப்பியது. ஜெர்மன் போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்த, தார்ச்சாலையில் தேர் அசைந்து வந்தது. மகன் ஐயாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தான்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1951-இல் ராம்ஸ்டைன் தளத்தைக் கட்டத் தொடங்கியபோது அவருடைய அப்பா அங்கே வேலைக்குப் போனாராம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புது அமெரிக்கக் குடும்பம் குடிவருவதைப் பார்த்துப் பழகியவர். குப்பையை எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியில் போடவேண்டும் என்று படம் வரைந்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் ஆகாது என்பதை முதல் நாளே சொன்னார். மகனைக் கிராமத்துக் கீட்டாவில், அதாவது மழலையர் பள்ளியில், சேர்க்க அவரே என்னோடு நடந்து வந்தார். இந்த மாநிலத்தில் இரண்டு வயது முதல் அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே பிள்ளையை வாசலில் பிடுங்கிக்கொண்டு அம்மாவை விரட்டுவதில்லை. பழகும்வரை நானும் மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆசிரியைகளின் பொறுமைக்குக் கோடி நன்றி. நவம்பர் 11, புனித மார்ட்டின் விளக்கு ஊர்வலத்தில் அவன் பிடித்த காகித விளக்கைக் கார்த்திகைக்கும் வாசலில் தொங்கவிட்டோம்.

மகளின் வகுப்பாசிரியை, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், தட்டும் சட்டியும் இரவல் கொடுத்த சமூக சேவை மையத்துப் பெண்கள், ஆறு மணி ஆனதும் வீடியோவில் கதை சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் எங்கள் அம்மா (குளிர்காலத்தில் கோவையில் அப்போது பத்தரை, அவள் தூக்கம் போய்விடும்) எல்லாருக்கும் நன்றி.

கணவர் திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. ஸ்பான்சர் குடும்பத்துக்கு அமெரிக்கா திரும்ப ஆர்டர் வந்துவிட்டதால் தள்ளிப்போட முடியாது. கார் நிறுத்தத் தெருவில் இடம் போதாது, தேவாலயத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கடைக்கார அக்கா, நீங்கள் எதையும் சமைத்துக்கொண்டு வரக்கூடாது. கிரைண்டரும் வண்டியில் ஏற்றத் தயாராக இருக்கும். அம்மா கோவையிலிருந்து எங்களுக்கென்று ஒன்று அனுப்பிவிட்டாள்.

அன்புடன்,
இரண்டு வாண்டுகளின் அம்மா,
லாண்ட்ஸ்டூல் அருகே ஒரு கிராமத்திலிருந்து